கடல் பக்கத்து சுவிட்ச்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த அக்காவின் கண் முதலில் போவது சுவிட்ச் போர்டுக்குத்தான். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். காபி போடட்டுமா என்றால் அப்புறம் என்பார். கடல் பக்கம் எந்த ஜன்னல், அதற்கு நேரே எந்த விளக்கு, அந்த விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று கண்டுபிடித்த பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வரும். வீட்டுக்காரர்களே எது எதற்கு என்று தெரியாமல் நாலைந்தைத் தட்டிப் பார்ப்பார்கள். இவர் போய்ச் சரியாக அந்த ஒன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். அணைக்க மாட்டார். விரலை வைத்தபடி நம் முகத்தைப் பார்ப்பார்.

"ஏப்ரல் முடியற வரைக்கும்தாம்மா" என்பார்.

நாங்கள் சைதாப்பேட்டையிலிருந்து பெசன்ட் நகருக்குக் குடிவந்தது தொண்ணூறுகளின் நடுவில். கடலுக்கும் எங்கள் கட்டடத்துக்கும் இடையே ஒரு சாலையும் மணலும்தான். கடல் பார்த்த வீடு என்று என் வீட்டுக்காரர் ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். உப்புக் காற்றில் கேஸ் அடுப்பு துருப்பிடிப்பதையும் மாவு டப்பாவுக்குள் மணல் வருவதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. துடைப்பது நான்தானே. வந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாசி மாதம், வாசலில் கோலம் போட்டு, சாமிக்கு விளக்கேற்றி, வீட்டிலிருந்த அத்தனை லைட்டையும் போட்டு, கதவை விரியத் திறந்து வைத்திருந்தேன். லட்சுமி உள்ளே வருகிற நேரம். வந்தது இந்த அக்கா. நேர் மேல் வீடு என்றார், பெயரைச் சொன்னார், அடுத்த மூச்சில் பால்கனி லைட்டை அணைக்க முடியுமா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இப்போதும் அப்படித்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து அணை என்கிறீர்களே, இது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டிப்போயிருக்கும். அவர் சாமி விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது எரியட்டும்மா, அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. பால்கனிது மட்டும்" என்றார். கோபப்பட்ட எனக்கே கோபப்பட்டது மறந்துபோகிற மாதிரி ஒரு குரல்.

அந்தக் குரலுக்குக் காரணம் அவர் வேலை. டெலிபோன் இலாகாவில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கிற ஆபரேட்டர். ஊருக்குப் பேச மணிக்கணக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோருடைய திட்டையும் வருஷக்கணக்கில் காதில் வாங்கியவர். திட்டு அவர் காதோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்து ட்ரங்க் கால் கேட்பவர்கள் குறைந்துபோன பிறகு, அந்தப் பொறுமை முழுவதையும் எங்கள் தலையில் இறக்கிவிட்டார் என்று நான் கேலி செய்வேன். ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டால் "லைன் கிடைச்சிருச்சும்மா" என்பார். முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினால் "அங்க லைன் பிஸி" என்பார். பிஸி என்றால் மறுநாள் மறுபடியும் போவார் என்று அர்த்தம்.

எல்லாம் ஆமைக்காக. தை, மாசி, பங்குனியில் கடலாமைகள் கரையேறி மணலில் குழி தோண்டி முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும். பக்கத்து மீனவர் குப்பத்தில் அதற்குப் பங்குனி ஆமை என்றே பெயர். காலேஜில் படிக்கிற பையன்களும் பெண்களும் கரையோரம் நடந்து தேடி அந்த முட்டைகளை எடுத்துவந்து, வேலி கட்டிய ஓர் இடத்தில் மறுபடி புதைத்து, பொரித்ததும் கடலில் விடுவார்கள். அக்காவுக்கு அவர்களோடு பழக்கம். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழிகளைப் பற்றித்தான் இவருக்குக் கவலை. குஞ்சு மணலைவிட்டு மேலே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். ஒரு காலத்தில் வெளிச்சம் என்றால் கடல் ஒன்றுதான். இப்போது எங்கள் பால்கனி, எங்கள் மாடிப்படி, சாலை விளக்கு, டீக்கடை. பொழுது விடிவதற்குள் நாய் பாதி, காக்காய் கொஞ்சம், மிச்சம் ஆட்டோ சக்கரத்தில். காலையில் அக்கா முறத்தில் ஈர மணலைப் பரப்பிக்கொண்டு சாலையோரம் குனிந்து குனிந்து நடப்பார். உயிர் இருப்பதைக் கடலில் விடுவார், இல்லாததை மணலில் புதைப்பார்.

குப்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இவரைச் சீண்டாமல் கூடையை இறக்கத் தெரியாது.

"இன்னாக்கா, உன் கொயந்தைங்க டீக்கட வரிக்கும் வந்துக்கீது. பன்னு வாங்கித் தர்லாம்னு பாத்தேன், அதுக்குள்ள நாயி பூந்துகிச்சு" என்றாள் ஒரு நாள்.

அக்காவும் சேர்ந்து சிரித்தார். மீனும் வாங்கினார். மத்தியானம் நான் மேலே போனபோது வாங்கிய மீன் அப்படியே பாத்திரத்தில் கிடந்தது. கழுவ மனசு வரவில்லை, நீ எடுத்துக்கொண்டு போ என்றார்.

அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் எரிச்சல் வரும். தை பிறந்ததிலிருந்து ஏப்ரல் முடியும்வரை அது வீடு இல்லை, பொந்து. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஆபீஸில் தீர்ந்துபோன கார்பன் தாளை ஒட்டியிருப்பார். சமையலறையில் மட்டும் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அந்த வெளிச்சத்தில் சாம்பாரும் ரசமும் ஒரே நிறமாக இருக்கும். ஃபிரிட்ஜைத் திறந்தால் எரிகிற குட்டி பல்பைக்கூடக் கழற்றிவிட்டார். இதில் குடித்தனம் நடத்தியது அவர் மட்டும் என்றால் என்னவோ போகட்டும் என்று விட்டிருப்பேன். கூடப் புருஷன் என்று ஒரு மனுஷர் இருந்தார்.

சார் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம். அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் பார்த்த கண்ணில் பிரஷர் வந்து, ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். அப்படிப்பட்டவருக்கு வீடு நிறைய வெளிச்சம் வேண்டாமா? நான் கேட்டேன், அக்காவிடம் இல்லை, சாரிடமே. அவர் சிரித்தார். மூன்று மாசம் இருட்டு, ஒன்பது மாசம் வெளிச்சம், வட துருவத்துக்காரனுக்கு இந்த வசதிகூடக் கிடையாது என்றார்.

அந்த வீட்டு சுவிட்சுகள் பழைய காலத்துக் கறுப்பு சுவிட்சுகள். தட்டினால் டக்கென்று சுத்தியால் அடித்த மாதிரிச் சத்தம் வரும். பொழுது சாய்ந்ததும் அக்கா ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு டக்குக்கும் சார் உள் அறையில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தபடியே "போ, கடலுக்குப் போ" என்பார். அவர் தூங்கிக்கொண்டிருந்தால்கூட அந்தச் சத்தத்துக்கு முழித்துக்கொண்டு சொல்வார். கீழே என் வீட்டுக்கே கேட்கும். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஏன் இப்படி என்று ஒரு முறை கேட்டேன். அக்காவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அவர் பிறந்த வீட்டின் சுவரே பவளப்பாறைக் கல். கடலுக்கு அடியிலிருந்து படகு படகாக வெட்டிக்கொண்டுவந்து சுவர் கட்டினார்கள், மிச்சத்தைக் காளவாயில் போட்டுச் சுண்ணாம்பு சுட்டார்கள். சின்ன வயதில் மழைக்காலத்தில் அந்தச் சுவரில் நாக்கை வைத்தால் உப்புக் கரிக்குமாம். அது உயிருள்ள ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்ன அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பாமல் படுத்திருந்தாராம். "எல்லாரும் நல்லவங்கதாம்மா. ஒருத்தராவது நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம், சொல்லலை" என்றார். சார் காலமான பிறகு அக்கா திரும்பிப் போனதும் அதே ஊருக்குத்தான். அந்தச் சுவர் இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் கட்டடத்தில் அவருக்கு நெடுநாள் பிஸியாகவே இருந்த லைன் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மாமா. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். குளத்தங்கரையை விட்டு வந்ததே தப்பு என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். "விளக்கு வெக்கற நாழில ஆத்துக்கு ஆத்து போய் அணைங்கோ அணைங்கோன்னு சொல்றேளே, அந்த வார்த்தையே ஆகாது" என்று படியில் நிறுத்தி வைத்துக் கேட்டார். மறுநாளிலிருந்து அக்கா அணை என்ற சொல்லையே விட்டுவிட்டார். லைட்டுக்கு ஏப்ரல் வரைக்கும் லீவு கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் மாடிப்படி லைட்டு மட்டும் நடக்கவில்லை. காற்றுக்காக ஓட்டை ஓட்டையாகக் கட்டிய சிமென்ட் சுவர் மாடிப்படிக்கு. உள்ளே எரிகிற விளக்கெல்லாம் அந்த ஓட்டை வழியாகக் கடல் பக்கம் கொட்டும். படி இருட்டாக இருந்தால் யாராவது விழுந்து தொலைப்பார்கள் என்று மாமா ஒரே பிடியாக நின்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அப்போதும் எனக்கு அப்படித்தான் பட்டது.

அக்கா வாதாடவில்லை. ஒரு சாயங்காலம், வேலிக்குள் ஒரு குழி பொரித்துவிட்டது என்று காலேஜ் பையன் ஓடிவந்து சொன்னதும், வீடு வீடாகத் தட்டி எங்கள் எல்லோரையும் கீழே இறக்கினார். மாமாவையும்தான். மணலில் வரிசையாக நின்றோம். கூடையைச் சாய்த்தார்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லை, கறுப்பாக, மணல் ஒட்டிய முகத்தோடு, ஒவ்வொன்றும் தன் கையையே துடுப்பாகப் போட்டுக்கொண்டு போனது. ஒரு குஞ்சு வழி தவறி மாமாவின் கால்மேல் ஏறி இறங்கியது. அவர் வேட்டியை மடித்துப் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றார். முதல் அலை வந்து நாலைந்தைப் புரட்டிப் போட்டது, அவை மறுபடி நிமிர்ந்து போயின. என் பிரசவத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

என் கால்மேல ஏறித்து என்று மாமா ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த வாரமே மாடிப்படி லைட்டுக்கும் லீவு கிடைத்தது. எல்லோருக்கும் அக்காவே ஒரு டார்ச் கொடுத்தார், கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றி நூலால் கட்டியது. சிவப்பு வெளிச்சம் ஆமைக் கண்ணை அவ்வளவாக இழுக்காதாம். பொழுது சாய்ந்தால் எங்கள் மாடிப்படியில் சிவப்புப் பொட்டுகள் ஏறும், இறங்கும்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசைக்கு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாதா கோயிலுக்குள் அத்தனை விளக்கையும் அணைத்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஜனம், மின்விசிறிகூட நின்றுவிட்டது, குழந்தை அழுகிற சத்தம் மட்டும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊர் மொத்தமும் ஒரே ஒரு ராத்திரி இப்படி உட்கார்ந்தால் போதும் என்று காதில் சொன்னார். பிறகு ஒரு பெரிய மெழுகுத்திரியிலிருந்து ஆளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டார்கள், மணி அடித்தது, எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் எரிந்தது. எல்லார் முகத்திலும் சந்தோஷம். அக்கா மட்டும் வெளிச்சம் கூசுகிற மாதிரிக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். சாரைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள், கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்று அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் சாலையில் ஒரு குஞ்சுகூடக் கிடக்கவில்லை. அக்கா தினம் காலையில் வெறும் முறத்தோடு திரும்பி வந்தார். அந்த வெறும் முறத்தை என்னிடம் தூக்கிக் காட்டுவார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அந்த வாரம் மட்டும்தான்.

அந்த வாரக் கடைசியில் சார் விழுந்தார்.

பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டிய வீட்டின் மொட்டைமாடியில் ஒரு பெரிய விளக்கு வைத்திருந்தார்கள். அதற்கு லீவு கேட்கப் போன அக்கா தன் டார்ச்சை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். வருகிற வழியில் இருட்டில் தடுக்கிக்கொள்ளப் போகிறாளே என்று சார் அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறார். நான் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். மூட்டை உருண்ட மாதிரிச் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். படி திரும்புகிற இடத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கையில் டார்ச் இன்னும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மாடிப்படி லைட்டின் சுவிட்ச் அவர் தலைக்கு மேலேயே, கை எட்டுகிற உயரத்தில் இருந்தது. இறங்கும்போது ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். நான் கையை நீட்டினேன்.

"போடாதம்மா, சீசன்" என்றார்.

நான் போட்டேன். அந்த வெளிச்சத்தில் அவர் கால் இருந்த கோணத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். எல்லோரும் ஓடிவந்துகொண்டிருக்கும்போதே கீழேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. ஏறிவரும்போதே, நாங்கள் யார் என்றுகூடப் பார்க்காமல், "லைன் கிடைச்சிருச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் சார் எழுந்து நடக்கவில்லை. படுக்கை என்றாகிவிட்டது. கண்ணும் முன்னைவிட வேகமாக மங்கிக்கொண்டே போனது. அவ்வளவு சமாதானமாக இருந்த மனுஷருக்கு இருட்டு என்றால் பயம் வந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் லைட்டைப் போடு லைட்டைப் போடு என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அக்கா கார்பன் தாள்களைத் தன் கையாலேயே கிழித்தார். ஒட்டிப்போன இடங்களில் நகத்தால் சுரண்டினார். காற்று வேண்டும் என்று சாரின் கட்டிலைப் பால்கனிக் கதவோரம் இழுத்துப் போட்டோம். அதற்கு மேலே ஒரு புது ட்யூப்லைட்.

கட்டடத்தில் யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம். மாமா தினம் வந்து சாரிடம் உட்கார்ந்து கிரிக்கெட் பேசிவிட்டுப் போனார். ஆனால் மறுநாளே மாடிப்படி லைட்டு எரிந்தது, கொஞ்ச நாளில் பால்கனிகளும் எரிந்தன, மழைக்காலம் முடிந்ததும் முற்றத்தில் கம்பம் நட்டு மஞ்சளாகப் பெரிய சோடியம் விளக்கு ஒன்று போட்டார்கள். பாதுகாப்புக்கு என்றார்கள். முன்னால் இருந்ததைவிட ரெண்டு பங்கு வெளிச்சம். சிவப்பு டார்ச்சுகளை வீட்டுக்கு வீடு பரணில் போட்டோம்.

எனக்கு அக்காமேல் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. கண் மங்குகிற புருஷனை வைத்துக்கொண்டு இருட்டில் குடித்தனம் நடத்துவார்களா என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அந்தக் கோபத்தையும் அடுத்த பங்குனி வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பங்குனி பிறந்ததும் ஒரு காலை பால் வாங்கப் போனபோது அக்கா கட்டடத்துக்கு முன்னால் சாலையில் குனிந்திருந்தார். முறம் நிறைய இருந்தது. டீக்கடைப் பக்கம் இல்லை, பக்கத்துத் தெருவும் இல்லை. எல்லாம் அவர் வீட்டுப் பால்கனிக்கு நேர் கீழே. கட்டடத்திலேயே விடிய விடிய விளக்கெரிந்த வீடு அது ஒன்றுதான். மற்றவர்கள் தூங்கப் போகும்போதாவது அணைத்துவிடுவோம்.

ராத்திரி சார் தூங்கிய பிறகாவது அதற்கு லீவு கொடுக்கக் கூடாதா, ஒரு திரையாவது போடக் கூடாதா என்று கேட்டேன். திரை போட்டுப் பார்த்தாராம். வளையம் கம்பியில் உரசுகிற சத்தத்துக்கே சார் முழித்துக்கொண்டு ஏன் மூடுகிறாய் என்று கேட்டாராம்.

"முழிச்சுப் பாக்கும்போது இருட்டா இருந்தா, கண்ணு போயிருச்சுன்னு நெனச்சுக்குவார்மா" என்றார்.

ஆமையைக் காப்பாற்றுங்கள் என்று நானா அவரிடம் சொல்ல முடியும்? இரண்டை எடுத்து முறத்தில் போட்டேன். ஒன்றின் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அக்கா அதை மட்டும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கடலுக்கு ஓடினார்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் இட்லி எடுத்துக்கொண்டு மேலே போனேன். சார் தூங்கிக்கொண்டிருந்தார். கடல் காற்று இருந்ததால் ஃபேன் போடவில்லை. நானும் அக்காவும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போது கரண்ட் போனது. எங்கள் கட்டடம் மட்டும் இல்லை, சாலை, டீக்கடை, முற்றத்துச் சோடியம் விளக்கு, குப்பம்வரை எல்லாமே ஒரே இழுப்பில் போய்விட்டது. ஜனங்கள் விசிறியை எடுத்துக்கொண்டு கீழே மணலுக்கு இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தமும் இல்லை.

இருட்டு பழகியதும் கடல் தெரிந்தது. அந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன், கறுப்பாகத்தான் தெரியும். அன்றைக்கு அலை நுரை வெள்ளையாக, மணலைவிட வெளிச்சமாக, கரை முழுக்க ஒரே கோடாகத் தெரிந்தது. ஒரு குஞ்சு இப்போது வெளியே வந்தால் அதற்கு வழி கேட்க வேண்டியதே இல்லை.

"இவ்வளவுதாம்மா நான் கேட்டது" என்றார் அக்கா.

அவர் குரல் கேட்டு சார் முழித்துக்கொண்டார். தலையை எங்கள் பக்கம் திருப்பினார். கண் திறந்திருந்தது. அக்கா பயந்துபோய்ப் பாதி எழுந்தார், கரண்ட் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் சார், "புது ட்யூப்லைட்டு நல்லாத்தான் எரியுது. கண்ணுக்கு இதமா இருக்கு" என்றார்.

நான் இட்லிப் பாத்திரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அக்கா எழுந்தது எழுந்தபடியே நின்றார். அந்த இருட்டில் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. பிறகு அதே ட்ரங்க் கால் குரலில், "ஆமாங்க, நல்லா எரியுது" என்றார். சார் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடினார். எத்தனை நாளாக அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது, எத்தனை நாளாக அக்காவின் மனசுக்காக லைட்டைப் போடு லைட்டைப் போடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

அவர் மூச்சு தூக்கத்துக்கு வந்த பிறகுதான் கரண்ட் வந்தது. கட்டிலுக்கு மேலே ட்யூப்லைட் ரெண்டு தரம் மினுக்கிவிட்டு எரிந்தது. கடல் மறுபடி காணாமல் போனது. அக்கா சுவரோரம் போய் அந்தக் கறுப்பு சுவிட்சின் மேல் விரலை வைத்தார். வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

"அணைங்கக்கா" என்றேன். அணை என்று நானாக ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா தலையை மெதுவாக ஆட்டினார். "சத்தம் கேக்கும்மா" என்றார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுரும்."

விரலை எடுத்துவிட்டார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் திரும்பி நின்றார். நான் இட்லியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கீழே வந்தேன். என் வீட்டு லைட்டுகளை ஒன்றுவிடாமல் அணைத்தேன். அந்தக் கரையில் அது எந்த மூலைக்கு?

காலையில் கீழே இறங்கியபோது அக்கா சாலையில் இருந்தார். அன்றைக்கு ஒரு குழி முழுசாகப் பொரித்திருக்க வேண்டும். முறம் கொள்ளாமல் குவிந்திருந்தது. நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். ஒன்றும் அசையவில்லை. மேலே ட்யூப்லைட் வெயில் வந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது.

நாங்கள் இருப்பது தெரிந்ததோ என்னவோ, மேலே கட்டிலிலிருந்து சாரின் குரல் கேட்டது.

"ஏதாச்சும் இந்தப் பக்கம் வந்துச்சா?"

அக்கா தலை நிமிர்ந்தார். ஊர் விட்டு ஊர் லைன் போட்டுக் கொடுத்த அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"ஒண்ணும் வரலைங்க. எல்லாம் கடலுக்குப் போயிருச்சு."

"போகட்டும், போகட்டும்" என்றார் சார்.

அக்கா முறத்தை இடுப்பில் வைத்து, காக்காய் பார்க்காமல் முந்தானையால் மூடிக்கொண்டு, புதைப்பதற்காக மணல் பக்கம் நடந்தார்.